எந்தச் சில்லு வேகமானது?

வந்தவாசி என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு 1760ஆம் ஆண்டுப் போர் நினைவுக்கு வரும். அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதிக்கொண்ட களம் அது. இன்று அவ்வூர்க் கடைத்தெருவிலும் மோதிக்கொள்பவை இரண்டு அயல் நிறுவனங்களே: இன்டெல், ஏஎம்டி. மகனுக்கோ மகளுக்கோ மடிக்கணினி வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, ‘இரண்டில் எது வேகம்?’ என்பதுதான்.

2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளின் விவரத்தில் ‘இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3’ என்றிருந்தது. ‘அல்லது’ என்ற அந்தச் சொல் இரண்டையும் சமமாக்கிவிடுகிறது. அவை சமமல்ல. ஆனால் நாம் கவலைப்பட வேண்டிய வேறுபாடு வேகத்தில் இல்லை என்பதே என் கருத்து.

விலை குறைந்த கணினிகளில் பரவலாக இடம்பெற்ற இரண்டு நுண்செயலிகளை எடுத்துக்கொள்வோம். 2022இல் வந்த இன்டெல் ஐ3-1215யுவில் ஆறு கருக்கள். அவற்றில் இரண்டு வலுவானவை, நான்கு சிக்கனமானவை. உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட ரைசன் 3 7320யுவில் நான்கு கருக்கள். உச்ச வேகம் 4.1. எண்களை மட்டும் பார்த்தால் இடைவெளி சிறிது. உண்மையில் பெரிது. ஏனெனில் ரைசனின் கரு ‘ஜென் 2’ என்னும் வடிவமைப்பு. 2019இல் முதலில் வெளிவந்தது. பெயரின் முதல் எண்ணான 7 அது 2023ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்தது என்கிறது. உள்ளிருக்கும் பழமையை மூன்றாவது எண்ணான 2 மட்டுமே சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த வாங்குநர் எத்தனை பேர்?

கருக்களின் எண்ணிக்கையும் அப்படியே பொருள் தருவதில்லை. ஜக்கார்டு தறியின் துளையிட்ட அட்டைகளைக் கண்டே சார்லஸ் பாபேஜ் தமது பகுப்புப் பொறிக்கு அட்டைகளை எண்ணினார். எனவே பட்டுக்குப் பேர்போன ஆரணியின் பக்கத்தில் இருந்துகொண்டு உவமையைத் தறியிலிருந்து எடுப்பதில் பிழையில்லை. கோர்வைப் புடவைக்கு உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட வேண்டும். நெசவாளருக்குத் துணையாக மறுபுறம் ஒருவர் அமர்கிறார். அங்கே இரண்டாவது ஆளுக்கு வேலை உண்டு. வெற்றுச் சேலைக்கு நான்கு பேரை அமர்த்தினாலும் ஓர் ஊடை விழுந்த பிறகே அடுத்த ஊடை. கணினியிலும் காணொளித் தொகுப்பு போன்றவை கோர்வை வேலை. நாம் செய்யும் தட்டச்சோ பெரும்பாலும் ஒற்றை நாடா வேலை. ஒரு கருவின் திறனே அதில் முக்கியம். அதில் ஐ3 தெளிவாக முந்துகிறது.

அத்துடன் தீர்ப்பெழுதிவிட முடியாது. இன்டெல் சில்லின் அடிப்படை மின்தேவை 15 வாட். உச்சத்தில் 55 வாட் வரை அது போகலாம். அந்தப் பாய்ச்சல் சிறிது நேரத்துக்குத்தான். வெப்பம் ஏறியதும் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சோதனை மதிப்பெண்களில் பல இந்த முதல் பாய்ச்சலையே அளக்கின்றன. அக்னி நட்சத்திர நாளில், குளிர்சாதனமில்லாத அறையில், மெல்லிய உடலும் சிறு விசிறியும் கொண்ட கணினி நாற்பதாவது நிமிடத்தில் எப்படி இருக்கிறது என்பதே நமக்கான சோதனை. மின்சிக்கனத்துக்கென வடிக்கப்பட்ட ரைசன் அங்கே அவ்வளவு பின்தங்குவதில்லை.

ஆக, வேகத்தில் ஐ3 முன்னிலை. எளிய வேலைகளுக்கு இரண்டும் போதும். பின் எங்கே இடர்? நினைவகத்தில். 7320யு ஏற்பது எல்பிடிடிஆர்5 வகை நினைவகத்தை மட்டுமே. அது தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருவது. 8 ஜிபி என்றால் ஆயுள் முழுவதும் 8 ஜிபிதான். அதிலும் ஒரு பங்கைத் திரைக்காட்சிக்கென்று வரைகலைப் பகுதி எடுத்துக்கொள்ளும். 1215யு டிடிஆர்4 நினைவகத்தையும் ஏற்கும். ஆகவே தயாரிப்பாளர் மனம் வைத்தால் கூடுதல் பொருத்துவாய் தரலாம், தராமலும் விடலாம். 2011இல் தொடங்கிய பள்ளி மாணவர் திட்டத்தில் 2 ஜிபி நினைவகமே போதுமென்று கருதப்பட்டது. இன்று ஓர் உலாவிக்கே அது போதவில்லை. 8 ஜிபிக்கும் அந்த நாள் வரும்.

வசதியுள்ளவர் அன்று வேறு கணினி வாங்கிக்கொள்வார். கோரைப்பாய் நெய்யும் வீட்டிலிருந்தோ பட்டுத் தறி வீட்டிலிருந்தோ கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு இந்த ஒரு கணினிதான் படிப்பு முடியும்வரை; வேலை தேடும் நாள்வரையும் அதுவேதான். அவளுக்கு இரண்டு நொடி முன்னதாகத் திறக்கும் திரையைவிட, நான்காம் ஆண்டில் சிறு செலவில் புதுப்பிக்கத்தக்க இயந்திரமே தேவை. அரசின் ஒப்பந்தப்புள்ளிகளில் ‘ஐ3 அல்லது ரைசன் 3’ என்ற வரிக்குக் கீழே ‘நினைவகத்தைக் கூட்டும் வசதி கட்டாயம்’ என்று இன்னொரு வரி சேர வேண்டும். கடைக்குப் போகும் நாமும் சில்லின் பெயரைக் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்க வேண்டும்.