போனக்காட்டுக்கு ஒரு டார்ச் விளக்கு

அகத்தியர்கூடத்துக்கு மலையேறும் நம் சங்க அன்பர்கள் போனக்காடு வழியாகத்தான் போகிறார்கள். மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம். அங்கே இடிந்துகொண்டிருக்கும் லயங்களில் வாழ்பவர்களில் பலர் நம்மவர்கள்தாம். தலைமுறைகளுக்கு முன் கொழுந்து கிள்ள வந்த தமிழ்க் குடும்பத்தினர். தோட்ட வேலையில் பசியையும் களைப்பையும் மறக்கடித்தது வெற்றிலை, பாக்கு, புகையிலை. வாய்ப்புற்றுக்கு அதுதான் வாசல்.

இதற்கு என்ன செய்யலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியதே நம் திருவனந்தபுரம் மாவட்டம்தான். 1981-இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம், 1996-இல் இம்மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் ஒரு பெரிய ஆய்வில் இறங்கியது. ஏழு பஞ்சாயத்துகளில் 35 வயதைத் தாண்டியவர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட அல்லர், பயிற்சி பெற்ற பட்டதாரிப் பணியாளர்கள். வாயைத் திறக்கச் சொல்லி நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது, அவ்வளவுதான் சோதனை. முடிவுகள் 2005-இல் வெளியாயின. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. ஆளொன்றுக்கு ஆன செலவு ஆறு அமெரிக்க டாலருக்கும் குறைவு! திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்கள் நடத்திய கருப்பைவாய்ப் பரிசோதனையும் சாவை 35 சதவீதம் குறைத்ததாக 2007-இல் அறிந்தோம்.

பிறகு என்ன நடந்தது? 30 வயதைக் கடந்த அனைவருக்கும் பரிசோதனை என்று மத்திய அரசு 2016-இல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலோ, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். வாய்ப் பரிசோதனை செய்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

புதுக் கட்டடம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். வராமலே போன நோய்க்கு யார் மாலை போடுவார்கள்? அதனால்தான் பொதுப்பணம் வைத்தியத்தின் பக்கமே சாய்கிறது என்பது என் எண்ணம். காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பிறகு உதவுவது. முற்றிய புற்றுக்கு லட்சங்கள் கொட்டியும் பல நேரம் ஆளைக் காப்பாற்ற முடிவதில்லை.

கேரள அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய புற்றுநோய் எதிர்ப்பு இயக்கத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் "மையத்துக்கு வாருங்கள்" என்றால் தினக்கூலிப் பெண் எப்படி வருவாள்? பஸ் ஏறி விதுரா போய் வந்தால் அன்றைய கூலி போச்சு. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே போகிறது. எல்லைக்கு இப்பால் உள்ள தமிழருக்கு அது கிடையாது.

விதுரா பஞ்சாயத்து தன் திட்ட நிதியில் இதற்கென ஒரு தொகை ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு இரு முறை, ஞாயிற்றுக்கிழமையில், லயத்து வாசலுக்கே குழு போகட்டும். சந்தேகப்படும்படி புண்ணோ வெள்ளைத் திட்டோ தென்பட்டால் அவர்களை மண்டல மையத்துக்கு அழைத்துச் செல்லும் வண்டிச் செலவும் அதில் சேரவேண்டும். தமிழில் பேசி விளக்க ஆள் வேண்டுமா? நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற செவிலியரும் ஆசிரியரும் இருக்கிறார்கள். அடுத்த செயற்குழுவில் இந்த மனுவை எழுதி எல்லோரும் கையெழுத்திடுவோம்.