"அங்க போயி மாத்திக்கலாம்"

கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் வந்து சேராத ஒரு ஜூலை மாலையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் போன் செய்தான். "அண்ணே, தாய்லாந்துல ஸ்கூல் வேலையாம். டூரிஸ்ட்ல போயிட்டு அங்க போயி மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. ரெண்டே கால் லட்சம் கேக்குறாரு. நீங்க போயிட்டு வந்தவங்கதானே, போவலாமா?"

பி.ஏ. ஆங்கிலம் முடித்தவன். அம்மா நடவுக்குப் போகிறவர். அப்பா இல்லை. உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் ஏஜென்ட் சொல்வது முழுப் பொய் இல்லை.

தாய்லாந்துக்குச் சுற்றுலா விசாவில் போய், அங்கிருந்தே வேலைக்கான விசாவுக்கு மாறச் சட்டத்தில் வழி உண்டு. தங்கும் அனுமதியில் குறைந்தது 15 நாள் மிச்சமிருக்க வேண்டும். பள்ளி கடிதங்கள் தர வேண்டும். பட்டச் சான்றிதழுக்கு மேலொப்பம் வேண்டும். அதன் பிறகு தனியாக வேலை அனுமதி. அது கைக்கு வரும் முன் வகுப்பில் கால் வைத்தால் குற்றம். நான் போன காலத்தில், உள்ளேயே மாற்ற முடியாதவர்கள் லாவோஸின் வியந்தியானுக்குப் போய் அங்குள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் வரிசையில் நின்றார்கள்.

2019 மே மாதம் நானும் அப்படித்தான் போனேன். 60 நாள் சுற்றுலா விசா. "ரெண்டு வாரத்துல மாத்திடலாம்" என்றது பள்ளி. என்னிடம் இருந்தது புரொவிஷனல் சான்றிதழ் மட்டும். பட்டமளிப்பு விழாவுக்குப் போக அன்று காசில்லை, போகவில்லை. இப்போது அந்தப் பட்டத்தை யாராவது பல்கலைக்கழகத்துக்குப் போய் வாங்கி, சென்னைக்கு அலைந்து மேலொப்பம் போட்டு அனுப்ப வேண்டும். யார் போவது? அப்பாவுக்கு ஒருநாள் அலைச்சல் என்றால் ஒருநாள் கூலி போச்சு. பல்கலைக்கழக வாசலில் எந்தக் கவுண்டரில் என்ன கேட்பது என்றும் அவருக்குத் தெரியாது.

என்னோடு அதே வாரம், அதே மாதிரி சுற்றுலா விசாவில் ஓர் இங்கிலாந்துக்காரர் சேர்ந்தார். அவர் படித்தது ஆங்கிலமே இல்லை, வேறு ஏதோ பாடம். ஆனால் 'நேட்டிவ் ஸ்பீக்கர்'. அவருடைய காகிதங்களுக்காகப் பள்ளியே ஓடியது. நான் முதுகலை ஆங்கிலம் படித்தவன், ஆங்கிலம் தெரியும் என்று தேர்வு எழுதி நிரூபிக்க வேண்டும். பிறந்த இடத்தை வைத்துத் தகுதியை முடிவு செய்யும் ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன? ஊரில் வேறு பெயர், அங்கே வேறு பெயர்.

58ஆம் நாள் இரவு பேருந்தில் எல்லைக்குப் போனேன். பள்ளி தருவதாகச் சொன்ன கடிதம் வரவில்லை. இன்னொரு சுற்றுலா விசாவோடு திரும்பினேன். சம்பளம் கையில், பாதியாக. கேட்க முடியாது, கேட்டால் குற்றவாளி நான்தான். சம்பா நடவு முடியும் முன் ஊர் திரும்பிவிட்டேன். கடன் திரும்ப மூன்று வருடம் ஆனது.

ஆகவே என் வாதம் இதுதான்: விசா மாற்றுவதில் பெரிய முதலீடு காத்திருக்கும் நேரம். அங்கே சித்தப்பா வீடு இருப்பவர் ஆறு மாதம் காத்திருப்பார். மாறாவிட்டால் திரும்பி வந்து நிலத்தைப் பார்ப்பார். மகளிர் குழுக் கடனில் ஏறிப் போனவருக்கு இரண்டாவது மாதமே தவணை வந்துவிடும். அவர் சட்டவிரோதமாக வேலை செய்தே ஆக வேண்டும்.

அம்பேத்கருக்கே இது நடந்தது. பரோடா உதவித்தொகை முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் எடுத்துச் சேர்த்த பணத்தோடும், சாகு மகாராஜாவின் உதவியோடும், நண்பரிடம் வாங்கிய கடனோடும்தான் 1920இல் மறுபடி போக முடிந்தது.

நம் அரசு என்ன செய்கிறது? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போவதென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலில் தாய்லாந்தும் மலேசியாவும் உண்டு. பத்தாவது தேறிவிட்டால் அந்த அனுமதி தேவையில்லை. அதாவது, படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்று சட்டம் நம்புகிறது. 2022இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப்போய் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டவர்கள் படித்த இளைஞர்கள்தான். வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவரிடம் பட்டம் இருக்கிறது, விவரம் சொல்ல ஆள் இல்லை. சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறது.

"சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்" என்று வெளியுறவுத் துறை அறிவிப்பு விடுகிறது. சரிதான். போகாமல் இருந்தால் இங்கே என்ன இருக்கிறது என்பதையும் அது சொல்ல வேண்டுமல்லவா? கௌரவ விரிவுரையாளர் வேலைக்கே சிபாரிசு தேட வேண்டிய ஊர் இது.

பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். எங்கள் தெருவில் இது யாருக்கும் தெரியாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. அது திருத்துறைப்பூண்டியிலும் வேதாரண்யத்திலும் சேரிக்குள் வந்து முகாம் போடட்டும். முறையான விசாவில் போகிறவரின் மேலொப்பச் செலவுக்கும் முதல் மூன்று மாதச் செலவுக்கும் தாட்கோ கடன் கொடுக்கட்டும். மாடு வாங்கக் கடன் கொடுக்கிறார்கள், இதற்கு ஏன் கூடாது?

பையனிடம் மூன்று கேள்விகள் சொன்னேன். ஏஜென்டின் பதிவு எண் என்ன? பள்ளியின் கடிதம் புறப்படும் முன்பே வருமா? பட்டச் சான்றிதழைக் கையில் வாங்கிவிட்டாயா? கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான். நான்கு நாள் கழித்து அவன் அம்மாதான் கூப்பிட்டார். குழுவில் லோன் கிடைத்துவிட்டதாம், பாஸ்போர்ட்டை ஏஜென்ட் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

நாளைக்குக் காலையில் போகிறேன், பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்க.