மழையோடு வரும் மின்சாரம்

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் கடல் கிடையாது. ஆனாலும், கேரளக் கடல் அலையிலிருந்து எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் தமிழக எல்லைப் பக்கம் ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது. ஜூன் பிறந்தால் கஞ்சிக்கோட்டிலும் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் வேகம் பிடிக்கின்றன. அதே தென்மேற்குப் பருவக்காற்று கொட்டும் மழைதான் இடுக்கி அணையில் சேர்ந்து, மூலமற்றத்தின் 780 மெகாவாட் நிலையத்தை ஓட்டுகிறது. அரபிக்கடலில் அலை உயர்வதும் அதே காற்றால், அதே மாதங்களில். மூன்றும் ஒன்றாக வருகின்றன. கோடையில் அணை வற்றி, ஊரெல்லாம் மின்விசிறி சுழலும்போது?

இதை அளந்ததோடு நிற்காமல் கட்டியும் பார்த்த இடம், திருவனந்தபுரம் அருகிலுள்ள விழிஞம். 1983ல் சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஆராய்ச்சி, 1991ல் அங்கே 150 கிலோவாட் நிலையமாக எழுந்தது. அலைதடுப்புச் சுவருக்கு வெளியே கடலில் இறக்கிய ராட்சத கான்கிரீட் பெட்டி, அடியில் திறப்பு. அலை உள்ளே ஏறும்போது மேலே அடைபட்ட காற்று வெளியே பீறிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே பாயும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுற்றும் டர்பைன், பெல்ஃபாஸ்ட் பேராசிரியர் ஆலன் வெல்ஸின் கண்டுபிடிப்பு.

விழிஞத்தில் ஒரு மீட்டர் அகல அலையில் ஆண்டுச் சராசரியாகச் சுமார் 13 கிலோவாட் சக்தி இருப்பதாகக் கணக்கு. சங்கடமே இந்தச் சராசரிதான். அலையின் உயரம் பாதியானால் சக்தி பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் சாதுவாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தூரத்துத் தென்கடலில் பிறந்த அலைகள் சில நாட்கள் கரையேறி வீடுகளை நனைப்பதுண்டு. கேரள மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. கள்ளனை நம்பி மின்நிலையம் நடத்த முடியாது. கட்டுவதோ ஜூலையின் அடியைத் தாங்கும்படி. சம்பாதிப்பது பிப்ரவரியின் சில்லறையையும் சேர்த்து. இந்தியக் கடலோரம் முழுவதுக்கும் சொல்லப்படும் 40,000 மெகாவாட், ஏட்டளவு மதிப்பீடு. அதை மாதவாரியாகப் பிரித்துச் சொன்னால்தான் மின்வாரியத்துக்கு உபயோகம்.

விழிஞம் நிலையம் பிற்பாடு கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனைக்கும் பயன்பட்டது. இது புத்திசாலித்தனமான திருப்பம்: மின்சாரம்போல் அல்லாமல் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைக்கலாம். நிலையம் இப்போது இயங்கவில்லை. 2022 நவம்பரில் தூத்துக்குடி கடலில் ஐ.ஐ.டி. சோதித்த 'சிந்துஜா-1' தந்தது 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குப் போதும். ஆனால் அதன் குறி வீடுகள் அல்ல. கம்பி எட்டாத நடுக்கடல் எண்ணெய் மேடைகளும் தகவல் தொடர்புக் கருவிகளும். டீசல் எரித்து விளக்கேற்றும் லட்சத்தீவில் 100 வாட் எப்போது 100 கிலோவாட் ஆகும் என்று கேட்பார்கள்.