மூக்கு இருக்கிறது, மோப்பம் புரிகிறதா?

என் அப்பா பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இயற்கை எரிவாயு டாக்சி ஓட்டியவர். எரிவாயுவின் விலை பெட்ரோல் விலையில் பாதிகூட இல்லாத காலம் அது. அந்த மிச்சத்தில்தான் எங்கள் வீடும் என் படிப்பும் ஓடின.

ஒருநாள் இயந்திரம் குலுங்கத் தொடங்கியது. கிள்ளானில் ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றோம். 'கலவையில் எரிபொருள் குறைவு' என்றது ஸ்கேனர். எரிவாயுவைக் கூட்டினார்கள், பயனில்லை. ஆக்சிஜன் சென்சரை மாற்றினார்கள்; பிறகு இன்னொன்றும் மாற்றினார்கள். மூன்று வாரம் அப்பாவுக்கு வருமானமில்லை. கடைசியில் குற்றவாளி யார் தெரியுமா? தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக்குகள்!

ஆக்சிஜன் சென்சர் இயந்திரத்தின் மூக்கு. புகைக்குழாயில் அமர்ந்து, வெளியேறும் புகையில் எஞ்சிய பிராணவாயுவை மோப்பம் பிடிக்கிறது. போஷ் நிறுவனம் உருவாக்கிய இச்சென்சர் 1976இல் வால்வோ கார்களில் வந்தது. சாதாரண வகைச் சென்சர், பிராணவாயு மிஞ்சினால் சுமார் 0.1 வோல்ட்டும், எரிபொருள் மிஞ்சினால் சுமார் 0.8 வோல்ட்டும் காட்டும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மீத்தேனுக்கு 17.2 கிலோ, எத்தனாலுக்கு 9 கிலோ. எரிபொருள் மாறினால் கணக்கு மாறும். ஆனால் 'பிராணவாயு மிஞ்சியதா?' என்ற கேள்வி மாறாது. மாற்று எரிபொருளுக்கு இயந்திரத்தைச் சீரமைக்க இச்சென்சர் உதவுவது அதனால்தான்.

ஆனால் அது எரிபொருளை அளப்பதில்லை. இயற்கை எரிவாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான தீப்பொறி தேவை. பிளக் தேய்ந்தால் கலவை எரியாமலே வெளியேறும். அதிலுள்ள பிராணவாயுவும் கூடவே வரும். 'பிராணவாயு மிஞ்சுகிறது' என்று சென்சர் உண்மையைத்தான் சொன்னது. 'எரிபொருள் போதவில்லை' என்று பொருள் கொண்டது நாம்தான். நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் ஆராயச் சொன்ன வள்ளுவரை மேடையில் முழங்குகிறோம், பட்டறையில் மறந்துவிடுகிறோம்.

அந்தப் பட்டறை அண்ணன் உழைப்பாளி. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே பல கோளாறுகளைச் சொல்லிவிடுவார். சென்சரின் நுட்பத்தை மட்டும் அவருக்குப் புரியும் மொழியில் யாரும் சொல்லவில்லை. என் பார்வையில், குற்றம் படித்த நம்முடையது.

'இயற்கை எரிவாயு வாகனங்களின் கதைதான் 2025 ஜூலை 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டதே' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எரிபொருள் மாற்றம் முடியவில்லை. 2019 முதல் நம் நாட்டு வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை டீசல் கலக்கப்படுகிறது. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் வியர்வை சிந்திய தோட்டங்களின் செம்பனை! அந்தச் செம்பனை டீசலின் எடையில் சுமார் 11 விழுக்காடு பிராணவாயுவே. ஆக, மோப்பத்தைப் புரிந்துகொள்ளும் தேவை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம். கலை இரவு நடத்துகிறோம். நல்லதுதான். அவற்றோடு ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையைப் பட்டறைகளுக்கு ஒதுக்குவோம். பொறியியல் மாணவர்கள் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் சென்று, மெக்கானிக் அண்ணன்மார்களிடம் கேட்டும், அவர்களுக்குச் சொல்லியும், எளிய தமிழில் ஒரு சிறு கையேடு எழுதட்டும். முன்னாள் மாணவர்கள் அச்சுச் செலவை ஏற்கட்டும்.

ஒரு டாக்சிக்காரரின் மூன்று வாரக் கூலியைக் காப்பாற்றினாலும் போதும். அதுவும் தமிழ்த் தொண்டுதான்.