பல்மைராவை வீழ்த்தியது ராணியின் ஆசைதானா?

சிரியப் பாலைவனத்துப் பல்மைராவைப் பற்றிப் பேச்செடுத்தால், கதை பெரும்பாலும் ராணி ஜெனோபியாவில் தொடங்கி அவளிடமே முடிந்துவிடுகிறது. ரோமாபுரியை எதிர்க்கத் துணிந்தாள், அவள் ஆசைக்கு நகரம் பலியானது என்பார்கள். ஆனால் ஒரு வணிக நகரம் எதனால் வாழ்ந்தது என்று தெரிந்தால்தான், அது எதனால் வீழ்ந்தது என்று சொல்ல முடியும்.

எஃப்கா என்ற கந்தக ஊற்றும் பேரீச்சந்தோப்பும் அங்கே குடியிருப்பை உண்டாக்கின. செல்வத்தைக் கொண்டுவந்தது பாதை. பல்மைரா ரோமப் பேரரசின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. அதற்கப்பால் பார்த்தியப் பேரரசு. யூப்ரடீஸ் ஆற்றோரமாகவே போனால் வழி நீளம், சிற்றரசர்கள் ஆளுக்கொரு சுங்கம் கேட்பார்கள். பாலைவனத்தைக் குறுக்கே கடந்தால் நாள் மிச்சம். ஆனால் ஒட்டகம், வழிகாட்டி, கொள்ளையரைத் தடுக்கும் காவல் எல்லாம் வேண்டும். இவற்றை ஏற்பாடு செய்து தருவதே பல்மைராக்காரர்களின் தொழில். பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில் இருந்த ஸ்பாசினு காரக்ஸ் துறைமுகம்வரை அவர்களுடைய ஆட்கள் இருந்தார்கள். அங்கிருந்து சிந்து ஆற்று முகத்துவாரத்துக்குக் கப்பல்கள் போய் வந்தன. பல்மைராவின் கல்லறைகளில் சீனப் பட்டுத் துணிகள் கிடைத்திருக்கின்றன. சரக்கைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த வணிகக் குழுத் தலைவனுக்கு, வணிகர்கள் சிலை வைத்துக் கல்வெட்டும் பொறித்தார்கள்.

வணிகர்கள் நகரத்தின்மீது வைத்த நம்பிக்கை எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதை ஒரு கல் காட்டுகிறது. பல சரக்குகளுக்கு எழுதப்பட்ட வரி விகிதம் இல்லாததால், வணிகர்களுக்கும் வரி வசூலிப்பவர்களுக்கும் ஓயாத தகராறு. கி.பி. 137-இல் நகர மன்றம் கூடி, விகிதங்களைக் கிரேக்கத்திலும் உள்ளூர் அரமேயத்திலும் கல்லில் வெட்டி, பலர் பார்க்கும் இடத்தில் நிறுத்தியது. வாசனைத் தைலம் பளிங்குச் சாடியில் வந்தால் ஓர் ஒட்டகச் சுமைக்கு 25 தெனாரியஸ் (ரோம நாணயம்). ஆட்டுத்தோல் பையில் வந்தால் 13. எதற்கு எவ்வளவு என்று எவரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அதிகாரி இஷ்டத்துக்குக் கேட்க முடியாது. ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கும் அந்தக் கல்லை, பல்மைராவின் கோயில்களுக்குச் சமமாக மதிக்க வேண்டும்.

இனி வீழ்ச்சி. 224-இல் பார்த்தியரை வென்று சாசானியர் ஆட்சிக்கு வந்தார்கள். வளைகுடாத் துறைமுகமும் அவர்கள் கைக்குப் போனது. இரண்டாம் நூற்றாண்டில் நிறையக் கிடைக்கும் வணிகக் குழுக் கல்வெட்டுகள் அதன்பின் அரிதாகின்றன. 260-இல் ரோமப் பேரரசர் வலேரியனையே சாசானியர் சிறைப்பிடித்தார்கள். அவர்களை எதிர்த்து அடித்து விரட்டியவர் பல்மைராவின் தலைவர் ஒடைநாதஸ். ரோமுக்காக நடந்த போர் அது. தன் நகரத்தின் பாதைக்காகவும்தான். சில ஆண்டுகளில் அவர் கொல்லப்பட, மனைவி ஜெனோபியா சிறுவனான மகனின் பெயரால் ஆண்டாள். 270-இல் அவள் படை எகிப்துக்குள் நுழைந்தது. 272-இல் பேரரசர் ஆரேலியன் அவளைத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டே நகரம் மீண்டும் கலகம் செய்ய, சூறையாடப்பட்டது.

ஆக, ராணியின் படையெடுப்புக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே வணிகம் நலியத் தொடங்கிவிட்டது. ஆரேலியன் இடித்ததை வணிகர்கள் திரும்பக் கட்டியிருக்க முடியும். மூடிப்போன பாதையைத் திறக்க அவர்களால் முடியவில்லை. ஊர் அழிந்தும் போகவில்லை. பிற்பாடு ரோமப் படையின் பாசறை அங்கே வந்தது. பேல் கோயில் வளாகத்துக்குள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை மக்கள் குடியிருந்தார்கள். அந்தக் கோயிலை 2015-இல் ஐஎஸ் பயங்கரவாதிகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பல்லாண்டு அந்தத் தொல்லிடத்தைக் காத்த அறிஞர் காலித் அல் அசாதையும் கொன்றார்கள்.

இரு பேரரசுகளுக்கு நடுவே பிழைக்கும் நகரத்துக்கு மதிலைவிட இரு பக்கத்து அமைதிதான் பெரிய அரண். பல்மைராவை ராணியின் கதையாக மட்டும் சொன்னால், அந்த அமைதியைக் கட்டிக் காத்த வணிகர்களும் வழிகாட்டிகளும் மறைந்துபோவார்கள். போரில் வென்றது யார் என்பதோடு, பாதை யார் கையில் இருந்தது என்றும் கேட்க வேண்டும்.