துரை எவ்வளவு கூலி கொடுத்தான்?

போன மாதம் இதே பக்கத்தில் ஐந்து புத்தகங்களின் பட்டியலைத் துணிச்சலாகப் போட்டிருந்தேன். மாதம் முடிந்துவிட்டது. கணக்கு இதோ: முழுதாகப் படித்தது இரண்டு, பாதியில் நிற்பது ஒன்று. மீதி இரண்டும் மேசையில் அப்படியே கிடக்கின்றன. அதில் ஒன்றின் அட்டையில் கோப்பிக் கோப்பை வைத்த வட்டம் வேறு விழுந்துவிட்டது.

இது சாக்கு அல்ல, காரணம்: அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கிறோம். காலைக் கோப்பியோடு தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர் அவர். இப்போது எழுத்தெல்லாம் புகை மாதிரி தெரிகிறதாம். அதனால் சனிக்கிழமைதோறும் காப்பார் வழியாக ஜெராமுக்கு ஓட்டி வந்து, அவருக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன். முதல் வாரம் பத்திரிகை முடிந்ததும், "வேற என்ன இருக்கு?" என்றார். பையில் இருந்தது என் பட்டியல்தான்.

இரண்டு பத்தி வாசித்திருப்பேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "ரேடியோல வாசிக்கிற மாதிரி வாசிக்காத. எங்கிட்ட பேசு." பத்தாண்டுகளாக மைக் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்த குரல் அன்று சமையலறை மேசையில் செல்லவில்லை.

வராந்தாவிலிருந்து பார்த்தவர்

இம்மாதத்தின் முதல் புத்தகம் 'மலேசி'. எழுதியவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1930-இல் பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கோன்கூர் இந்த நாவலுக்குக் கிடைத்தது. நான் வாசித்தது 'த சோல் ஆஃப் மலாயா' என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு. அப்பாவுக்காகக் கைக்கு வந்த தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஃபோகோனியே 1905-இல் மலாயா வந்து, நம் சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டவர். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டவரும் அவரே. இந்த நாட்டில் வாணிப அளவில் போடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். இன்றைக்குக் கடற்கரையிலிருந்து ஈஜோக் வரை, பெஸ்தாரி ஜெயா வரை, கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் செம்பனையின் கதை அங்கே தொடங்குகிறது.

"தென்னமரமா? ஒங்க சின்ன அத்தைய அங்கதான கட்டிக் குடுத்தோம்" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சிரித்தார். "அப்ப நான் முப்பது வருஷம் குலை வெட்டி முதுகு ஒடிஞ்சதுக்கு இந்த ஆளுதான் மூல காரணமா?"

புத்தகம் அழகானது, மறுக்கவே முடியாது. மலாய் பந்துன்களை மதித்து, ரசித்து, கதைக்குள் கோத்திருக்கிறார். மழையையும் காட்டையும் இரவையும் அவர் எழுதும் விதத்துக்கு நான் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். அப்படியொரு பக்கத்தை உருகி வாசித்து முடித்து அப்பா முகத்தைப் பார்த்தேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி: "எல்லாம் சரி. அந்தத் துரை எவ்வளவு கூலி கொடுத்தான்?"

என்னிடம் பதில் இல்லை. அதைவிட உறுத்தியது வேறொன்று. அத்தனை கோடு போட்ட எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. தோட்டத்துக்காரர் மகள் நான். ஆனால் புத்தகத்தைப் பங்களா வராந்தாவில், துரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறையில் மூன்று ஆண்டு 'பார்வைக் கோணம்' பற்றிப் படித்துப் பரீட்சை எழுதியவள்!

அடுத்த சனிக்கிழமைக்குள் தேடிப் பார்த்தேன். 1920-களின் இறுதியில் முக்கிய மாவட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்ததும் அது ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 என்று இறங்கியது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நாவலுக்குப் பாரிஸில் பரிசு கிடைத்ததும், இங்கே கூலி குறைந்ததும் ஒரே ஆண்டில்.

ஃபோகோனியேயைக் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. 1930-இல் அவர் மலாயாவிலேயே இல்லை. துனீசியாவுக்குப் போய் அங்கிருந்துதான் நாவலை எழுதினார். ஆனால் அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது, அவர் விரல் விட்டு எண்ணிவிட்டுச் சொன்னார்: "அப்ப எங்க பாட்டிக்கு ஒரு நாளைக்கு எட்டுக் காசு கொறஞ்சிருக்கு." எனக்குப் புள்ளிவிவரம், அவருக்குப் பாட்டி.

விருந்தாளியாக வந்தவர்

இரண்டாவது, அகிலனின் 'பால்மரக்காட்டினிலே'. 'சித்திரப்பாவை'க்காக 1975-ஆம் ஆண்டின் ஞானபீடம் பெற்ற அதே அகிலன், மலேசியாவுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதிய தோட்டத் தொழிலாளர் நாவல். இதை வாசிப்பது எளிதாக இருந்தது. மொழிபெயர்க்கும் வேலை இல்லை. பால்மரம் என்றதுமே அப்பாவுக்குத் தன் அம்மாவோடு விடியலில் பெரட்டுக்குப் போன ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பக்கம் நான் வாசிக்க, இரண்டு பக்கம் அவர் பேச, மூன்று சனிக்கிழமை ஓடியது.

அவருக்குப் பிடித்தது. ஆனாலும் விடவில்லை. "நல்ல மனுஷன், நம்ம மேல பாசமா எழுதியிருக்காரு. ஆனா விருந்தாளிக்குக் கோழி அடிச்சுக் கொழம்பு வச்சிருப்பாங்க. லயத்துக் கக்கூஸக் காட்டியிருப்பாங்களா?"

நான் அகிலனுக்காக வாதாடினேன். உள்ளேயே இருப்பவர்களுக்குப் பழகிப்போன அநியாயம், வெளியிலிருந்து வருபவர் கண்ணில்தான் முதலில் படும் என்றேன். அப்பா யோசித்து, "அதுவும் சரிதான்" என்றார். அப்பா என்னிடம் விவாதத்தில் தோற்றது, எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

பாதியில் நிற்பது

மூன்றாவது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. 'லங்காட் நதிக்கரை' எழுதிய அதே ரெங்கசாமி, சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி எழுதிய நாவல். 1942, 43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காட்டிலேயே காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்களுக்கு இன்றுவரை சரியான பெயர்ப் பட்டியல் இல்லை.

சில அத்தியாயங்கள் போயிருக்கும். அப்பா, "போதும். மூடு" என்றார். எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கோழிக் கூண்டைத் திறந்து, மறுபடி மூடினார். அம்மாதான் மெல்லச் சொன்னார். அப்பாவின் பெரியப்பா ஒருவர் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லையாம். முப்பத்து நான்கு வயதில் இதை முதன்முறையாகக் கேட்கிறேன்.

அடுத்த வாரம் நானாகவே ஒரு முடிவு எடுத்தேன். அந்தப் புத்தகத்தைக் கோலாலம்பூர் வீட்டிலேயே வைத்துவிட்டு, நகைச்சுவைக் கட்டுரைகள் கொஞ்சம் கொண்டுவந்தேன். அப்பா பையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த ரயில் புஸ்தகம் எங்க?"

இல்லை என்றேன்.

"நெனச்சேன். மூடுன்னா அன்னைக்கு மூடு. கொண்டு வராதன்னா சொன்னேன்? பெரியப்பா பேரு எங்கயாச்சும் வருதான்னு பாக்கணும்."

அது நாவல். அவர் பெயர் வராது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

அடுத்த மாதம்

இனி ஐந்து, ஆறு என்று வாக்குக் கொடுப்பதாக இல்லை. மூன்று போதும்.

ஒன்று, 'நினைவுச் சின்னம்' முழுவதும், அப்பாவோடு, அவர் மூடச் சொல்லும் இடங்களில் மூடி.

இரண்டு, 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிக் கிடைக்கும் கட்டுரைகள். 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்த ஆர்.எச். நாதன் முன்னின்ற போராட்டம் அது. அவரை நாடு கடத்தினார்கள்; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. இதைச் சொன்னதும் அப்பா, "எங்கப்பா வெள்ளைக்காரத் துரையெல்லாம் போன பொறவும் அந்தப் பங்களா முன்னால சைக்கிளை உருட்டிட்டுத்தான் போவாரு" என்றார். அதனால் இது அவசியம்.

மூன்று, சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்'. விருந்தாளியாக அல்லாமல், கெடாவில் தோட்ட வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர் எழுதிய நாவல். அப்பாவின் கக்கூஸ் கேள்விக்கு இவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் ஒரு நாள், வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவருக்குப் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டுங்கள். இலக்கியத் தரம் எல்லாம் பார்க்க வேண்டாம், அவர் வாழ்ந்த இடம் ஏதோ ஒரு மூலையில் வந்தால் போதும். வாசித்து முடித்ததும் நீங்கள் எதுவும் விளக்காதீர்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியை மட்டும் ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். பதில் தேடும் வேலையைச் சேர்ந்து செய்வோம்.

அப்பாவின் கண் அறுவைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் எத்தனை பக்கம் போகுமோ, அடுத்த மாதக் கணக்கில் சொல்கிறேன். கோப்பி வட்டம் விழுந்த புத்தகத்தைப் பற்றி மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.