வேண்டாத பரிசும் வேண்டிய தெளிவும்

பரிசில் என்னும் சொல்லைச் சங்கச் செய்யுள்களில் பயிலும் மாணவர்க்கு, அது தகுதி அறிந்து தரப்படுவது என்னும் எண்ணம் உடனே எழும். இன்று பரிசு என வழங்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி அத்தகையது அன்று. ஒரு பெட்டி நிறையச் சீட்டுகள். ஒரு கை உள்ளே செல்கிறது. ஒரு பெயர் வெளியே வருகிறது. அப்பெயருக்குரியவர் அப்பொருளை விரும்பினாரா, வைத்துப் பேண வல்லாரா என எவரும் வினவுவதில்லை. குலுக்கலில் விழுந்த பொருள் வேண்டாததாயின் என் செய்வது? சிறிய வினாவாகவே தோன்றும். எனினும் இதில் பலர் வழுக்கி விழக் காண்கிறோம். ஆதலின் சற்று விரித்துரைக்க விழைகிறோம்.

பரிசுக் குலுக்கல் பெருந்தொழிலாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே எச்.ஜி.டி.வி. என்னும் தொலைக்காட்சி 1997 முதல் ஆண்டுதோறும் ஒரு கனவு இல்லத்தைக் கட்டிக் குலுக்கலில் வழங்கி வருகிறது. மலைச்சாரலிலும் கடற்கரையிலும் எழும் மாளிகைகள் அவை. வென்றவருள் பெரும்பாலோர் அவற்றில் நிலைத்து வாழவில்லை. விற்றனர், அல்லது மாற்றாகத் தரப்படும் பணத்தைப் பெற்றுக்கொண்டனர். வீட்டின் மதிப்பு முழுவதும் அவ்வாண்டின் வருவாயாகக் கணக்கிடப்பட்டு வருமான வரி வருகிறது; அதன்மேல் ஆண்டுதோறும் சொத்து வரி. எளிய சம்பளக்காரர் அதனைத் தாங்குவது எங்ஙனம்?

குலுக்கல் அன்றாயினும் இதனோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது, 2004 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் நடந்தது. அரங்கில் இருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு போண்டியாக் கார் வழங்கப்பட்டது. ஆரவாரம் அடங்கிய பின்னரே, ஒவ்வொருவரும் ஏறத்தாழ 7,000 டாலர் வரை வருமான வரி செலுத்த நேரிடும் என்பது பேசுபொருளாயிற்று. வரியைக் கட்டிக் காரை வைத்துக்கொள்ளலாம். விற்று அப்பணத்தில் வரி கட்டலாம். வேண்டா எனத் துறக்கலாம். கார் தேவைப்பட்டவர்களாகப் பார்த்துத் தேர்ந்து அழைக்கப்பட்டோர்க்கே இந்நிலை எனின், தேவையற்றோர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் இதுவே முறை. குலுக்கல் பரிசு 10,000 ரூபாய்க்கு மேற்படின் 30 விழுக்காடு வரி பிடிக்கப்படும். பரிசு பொருளாயின், வரி செலுத்தப்பட்டதை உறுதி செய்த பின்னரே அதனை ஒப்படைத்தல் வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் பெறும் வண்டி விழுந்தால், 30,000 ரூபாயைத் தேடிக்கொண்டு போனாலன்றி வண்டி வாராது. வரி செலுத்த வேண்டாத அளவு குறைந்த வருவாய் உடையவர்க்கும் இவ்வரியில் விலக்கு இல்லை. ஏழையின் வீட்டு வாசலில் வந்து நிற்கும் பரிசு முதலில் கையேந்துகிறது என்பதைப் பலர் அறியார்.

ஆகவே பரிசை மறுத்தல் ஓர் உரிமை என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். ஏற்காது மறுத்த பரிசு வருவாயாகாது என அமெரிக்க வரித் துறை 1957-லேயே விளக்கம் அளித்துள்ளது. ஏற்றபின் பிறர்க்குக் கொடுத்தாலோ வரிச்சுமை வென்றவர்மீதே நிற்கும். எனவே முடிவு செய்ய வேண்டிய காலம் கையொப்பமிடுவதற்கு முன்னர், பின்னர் அன்று. மாலையும் ஒளிப்படக்கருவியும் சூழ்ந்து நிற்கும் வேளையில் இது நினைவுக்கு வருவது அரிதுதான்!

மறுத்தல் நன்றி கொல்வதாகாதா என்பார்க்குப் பெருஞ்சித்திரனாரை நினைவூட்டுவோம். தம்மை நேரிற் காணாது அதியமான் அனுப்பிய பொருளை அப்புலவர் ஏற்கவில்லை. வெளிமானின் தம்பி தந்த சிறு பரிசிலையும் கொள்ளாது சென்று, குமணனிடம் யானை பெற்று வந்து, அதனை வெளிமான் ஊர்க் காவல்மரத்தில் கட்டிச் சென்றார். அச்செயலைப் புலவரின் பெருமிதமாகவே உரைகாரர் காண்பர். நமக்கோ இன்னொன்றும் தோன்றுகிறது: வறுமையில் உழன்ற அக்குடும்பம் யானைக்குத் தீனியிடுவது எப்படி? கட்டுவதற்கு அவர்க்கு ஒரு மரம் கிடைத்தது, நமக்குக் கிடைப்பதில்லை.

நமக்குக் கிடைப்பவர் உறவினரே. வேண்டாத பொருளை வறிய உறவினர் தலையில் ஏற்றிவிட்டுக் கொடையாளி எனப் பெயர் பெறும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. கூலி வேலை செய்யும் ஒருவர்க்குக் காரைக் கொடுத்தால் காப்பீடும் எரிபொருளும் அவர்க்கு மாதக் கடனாகும். விற்கவும் அஞ்சுவார், கொடுத்தவர் வருந்துவாரே! இதனை ஈகை என்பதற்கு நாம் உடன்படோம். அதே பெருஞ்சித்திரனார், குமணன் தந்த வளத்தைத் தம் மனைவியிடம் ஒப்படைத்து, அனைவர்க்கும் பகிர்ந்து கொடுக்குமாறு கூறியதும் புறநானூற்றில் உண்டு. அவர் பகிரச் சொன்னது வீட்டிற்கு மிகவும் தேவைப்பட்ட செல்வத்தை. வேண்டாததைத் தருவதற்கும் அதற்கும் எத்துணை வேறுபாடு!

சூது என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் அதனை விலக்குகிறது. பணம் கட்டி வாங்கும் சீட்டின் பரிசு மனச்சான்றுக்கு ஒவ்வாது போதல் இயல்பே. அவ்வாறு தகாத வழியில் வந்த பொருளை வறியவர்க்குக் கொடுத்துக் கைகழுவலாம். ஆயின் அதனைத் தருமமாக எண்ணி நன்மையை எதிர்பார்த்தல் ஆகாது என மார்க்கச் சட்ட அறிஞர் உரைப்பர். விடுவித்துக்கொள்வது வேறு, வழங்குவது வேறு என்னும் இந்நுட்பம் எல்லார்க்கும் பயன்படுவது.

எஞ்சியது விற்றல். பரிசை விற்பதா என முகஞ்சுளிப்போர் உளர். துபாயில் 1996-இல் தொடங்கிய வணிகத் திருவிழாவில் கார்கள் குலுக்கலில் வழங்கப்படுகின்றன. ஓட்டுநர் உரிமமின்றி ஓர் அறையில் பலரோடு தங்கி உழைக்கும் நம்மவர்க்கு அக்கார் விழுந்தால், விற்றுப் பணத்தை ஊருக்கு அனுப்புவதன்றி வேறென் செய்வார்? ஊருக்குக் காரையே கொண்டுவரச் சுங்கத் தீர்வை இடங்கொடாது. அங்கே எவரும் முகஞ்சுளிப்பதில்லை. இங்கே மட்டும் ஏன்? விற்ற பணத்தில் வரியும் கடனும் தீர்த்து, எஞ்சியதைப் பணமாகவே உறவினர்க்குத் தந்தால், அவர் தம் தேவையைத் தாமே முடிவு செய்வார்.

பொருள் வாங்குவோர்க்குக் குலுக்கலில் பரிசு தருவதைத் தமிழ்நாடு 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்துள்ளது. பொட்டலங்களின் மூலையில் 'தமிழ்நாட்டிற்குப் பொருந்தாது' எனப் பொடி எழுத்தில் அச்சிடப்படுவது அதனால்தான். தடையில்லாத இடங்களில் குலுக்கல் நடத்துவோர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. பரிசின் மதிப்பு இவ்வளவு, வரி இவ்வளவு, பொருள் வேண்டாதார்க்குப் பணம் இவ்வளவு என்பவற்றைச் சீட்டிலேயே அச்சிடுக. கார்ப் படத்தைச் சிறிது குறுக்கினால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.